லினக்ஸில் நிகழ்நேர விரிவாக்கம்: முதன்முறை நிறுவுபவர்கள் கேட்கும் கேள்விகள்

மோட்டாரைச் சீராகச் சுழற்றவும், சென்சாரை மில்லிநொடி தவறாமல் படிக்கவும், ரோபோவின் கையை நடுங்காமல் நகர்த்தவும் விரும்பி இந்தப் பக்கம் வருபவர்கள் அநேகமாக இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் முதன்முறை நிறுவியபோது தடுக்கி விழுந்த இடங்களையே அதிகம் விரித்து எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

நிகழ்நேரம் என்றால் கணினி வேகமாகும் என்றுதானே பொருள்?

இல்லை. வேலை இன்ன நேரத்துக்குள் தொடங்கிவிடும் என்ற உறுதியைத்தான் நிகழ்நேரம் என்கிறோம். அந்த உறுதி எந்தச் சூழலிலும் உடையக் கூடாது.

மில்லிநொடிக்கு ஒருமுறை மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் அது 36 லட்சம் முறை விழித்தெழுகிறது. அதில் ஒரே ஒரு முறை 20 மில்லிநொடி தாமதித்தால் சராசரிக் கணக்கில் ஒன்றும் தெரியாது. ஆனால் வெட்டிக்கொண்டிருக்கும் பொருளில் அந்த ஒரு தாமதம் தழும்பாகப் பதிந்துவிடும். ஆகவே இங்கே சராசரியைப் பார்ப்பதில் பயனில்லை. மிக மோசமான ஒரே எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த உறுதிக்கு ஒரு விலையும் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியைத்தான் கெர்னல் என்கிறோம். நிகழ்நேரக் கெர்னலில் மொத்த வேலைத்திறன் கொஞ்சம் குறையும். பெரிய கோப்பை நகலெடுப்பது, நிரலைக் கம்பைல் செய்வது போன்றவை சற்று மெதுவாகலாம். வேகம் வேண்டும் என்று மட்டும் நினைத்து வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். அவர்களுக்கு இது ஏமாற்றமே தரும்.

சாதாரண லினக்ஸால் அந்த உறுதியை ஏன் தர முடிவதில்லை?

சாதாரணக் கெர்னல் சில வேலைகளைத் தொடங்கிவிட்டால் முடிக்கும் வரை வேறு யாருக்கும் வழிவிடாது. வன்பொருளிலிருந்து வரும் இன்டரப்ட் என்ற குறுக்கீட்டுச் செய்தியைக் கையாளும்போதும், ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருக்கும்போதும் உங்கள் நிரல் எவ்வளவு அவசரமானதாக இருந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். வலை அட்டைக்குத் திடீரென்று நிறையத் தகவல் வந்து குவிந்தால் அந்தக் காத்திருப்பு நீளும். எவ்வளவு நீளும் என்பதற்கு வரம்பு கிடையாது.

நிகழ்நேரக் கெர்னல் இந்த இரண்டையும் மாற்றுகிறது. இன்டரப்ட் கையாளும் வேலைகளில் பெரும்பாலானவை திரெட்கள் எனப்படும் தனித்தனி ஓட்டங்களாகின்றன. அவற்றுக்கு வழக்கமாக 50 என்ற முன்னுரிமை கிடைக்கும். உங்கள் நிரலுக்கு 80 கொடுத்தால் அது அவற்றை முந்திக்கொண்டு ஓடும். ஸ்பின்லாக்குகளில் பெரும்பாலானவையும் இடையில் நிறுத்திவைக்கக்கூடிய பூட்டுகளாக மாறுகின்றன. அந்தப் பூட்டுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. தாழ்ந்த முன்னுரிமை கொண்ட திரெட் பிடித்திருக்கும் பூட்டுக்காக உயர்ந்த திரெட் காத்திருந்தால், பூட்டை விடும் வரை தாழ்ந்ததற்கு உயர்ந்ததன் முன்னுரிமை இரவலாகக் கிடைக்கும்.

இந்த இரவல் ஏன் முக்கியம் என்பதற்கு 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலமே சான்று. அதில் ஓடியது லினக்ஸ் அல்ல, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொரு நிகழ்நேர இயங்குதளம். தாழ்ந்த வேலை ஒன்று பூட்டைப் பிடித்திருந்தது. நடுத்தர வேலை ஒன்று இடையில் புகுந்து அதை ஓடவிடாமல் தடுத்தது. அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்த உயர்ந்த வேலை கெடுவைத் தவறவிட்டது. கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. பூமியிலிருந்து முன்னுரிமை இரவலை இயக்கி அனுப்பிய பிறகே பிரச்சினை தீர்ந்தது.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

உங்கள் வேலை எவ்வளவு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்து நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் படிப்பதற்கு இது வேண்டவே வேண்டாம். ஒலிப்பதிவுக்கு லினக்ஸ் வழங்கலுடன் (டிஸ்ட்ரிபியூஷனுடன்) கிடைக்கும் குறைதாமதக் கெர்னலும் சரியான முன்னுரிமையும் பெரும்பாலும் போதும். ஒன்று முதல் சில மில்லிநொடிச் சுழற்சியில் இயந்திரத்தைக் கட்டுப்படுத்துபவர்களுக்கு நிகழ்நேரக் கெர்னல் தேவை. லினக்ஸ் சிஎன்சி என்ற மென்பொருள் கொண்டு வெட்டு இயந்திரம் ஓட்டுபவர்களும், ஈதர்கேட் என்ற தொழிற்சாலை வலை வழியாக மோட்டார்களை இணைப்பவர்களும் இந்த வகையினர். ஓரிரு மைக்ரோநொடித் துல்லியம் வேண்டுமென்றால் எந்த லினக்ஸையும் நம்ப வேண்டாம். அந்த வேலையைத் தனி மைக்ரோகன்ட்ரோலருக்கோ எஃப்பிஜிஏ என்ற நிரலிடத்தக்க சில்லுக்கோ கொடுத்துவிடுங்கள்.

பிரீஎம்ப்ட் ஆர்டி, ஸெனோமாய், ஆர்டிஏஐ என்று பல பெயர்கள் கண்ணில் படுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

இவை இரண்டு வேறுபட்ட சிந்தனைகளிலிருந்து வந்தவை. 1990களில் விக்டர் யோடைக்கனும் மைக்கேல் பரபனோவும் உருவாக்கிய ஆர்டிலினக்ஸ் முதல் வழியைக் காட்டியது. அந்த வழியில் அடியில் ஒரு சின்னஞ்சிறு நிகழ்நேரக் கெர்னல் இருக்கும். முழு லினக்ஸும் அதன்மேல் மிகத் தாழ்ந்த முன்னுரிமை கொண்ட ஒரு வேலையாக ஓடும். மிலான் பாலிடெக்னிக்கில் பாவ்லோ மன்டேகாஸா தொடங்கிய ஆர்டிஏஐ இந்த மரபைச் சேர்ந்தது. பிலிப் ஜெரம் 2001இல் தொடங்கிய ஸெனோமாயும் அப்படியே. இது சில ஆண்டுகள் ஆர்டிஏஐயோடு சேர்ந்து நடந்து 2005இல் தனியே பிரிந்தது.

இரண்டாம் வழி லினக்ஸ் கெர்னலையே திருத்துவது. இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர், ஸ்டீவன் ராஸ்டெட் முதலியோர் இருபது ஆண்டுகளாக வளர்த்த பிரீஎம்ப்ட் ஆர்டி இதைச் செய்கிறது.

புதியவருக்கு நான் சொல்வது பிரீஎம்ப்ட் ஆர்டியைத்தான். இதில் உங்கள் நிரல் சாதாரண லினக்ஸ் நிரலாகவே இருக்கும். அதே நூலகங்கள், அதே பிழைதிருத்தி, அதே டிரைவர்கள். இரட்டைக் கெர்னல் வழியில் தாமதம் இன்னும் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் நிகழ்நேரப் பகுதிக்குத் தனி டிரைவர், தனி ஒழுங்கு, கெர்னல் பதிப்பில் கட்டுப்பாடு என்று சுமை கூடுகிறது. பிரீஎம்ப்ட் ஆர்டியை நிறுவி, அளந்து, அது போதவில்லை என்று எண்களே சொன்ன பிறகு ஸெனோமாய்க்குப் போவதுதான் நியாயமான வரிசை.

இது கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது என்கிறார்கள். பின் எதற்கு நிறுவ வேண்டும்?

சேர்ந்துவிட்டது உண்மை. 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில் தாமஸ் கிளைக்ஸ்னர் அந்த இணைப்புக் கோரிக்கையைத் தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸின் கையில் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-வி ஆகிய செயலிக் கட்டமைப்புகளுக்கு இது மூலக் கெர்னலிலேயே கிடைக்கிறது. கடைசி வரை முட்டுக்கட்டையாக நின்றது, கெர்னல் தன் செய்திகளை அச்சிடும் பிரின்ட்கே என்ற சிறு பகுதி. இருபது ஆண்டு உழைப்பு அந்த ஒரு வாசலில் காத்துக்கிடந்ததை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் மூல நிரலில் இருப்பதும் உங்கள் கணினியில் இயங்குவதும் வேறு வேறு. அது கம்பைல் செய்யும்போது தேர்வு செய்ய வேண்டிய ஒரு விருப்பம். வழங்கல்கள் தரும் வழக்கமான கெர்னலில் அது அணைக்கப்பட்டிருக்கும். ஆகவே அது இயக்கப்பட்ட கெர்னலைத் தேடி நிறுவ வேண்டும், இல்லையென்றால் நீங்களே கம்பைல் செய்ய வேண்டும். மாறியது ஒன்றுதான்: 6.12க்குப் பிறகு பேட்ச் என்ற திருத்தக் கோப்பைத் தனியாக ஒட்டும் வேலை பெரும்பாலும் இல்லை.

கம்பைல் செய்யாமல் தப்பிக்க வழி உண்டா?

உண்டு. முடிந்தால் அதையே செய்யுங்கள். டெபியனில் ஆர்டி என்ற பின்னொட்டுக் கொண்ட கெர்னல் தொகுப்பு அதிகாரபூர்வக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஆப்ட் கட்டளையில் ஒரே வரியில் நிறுவிவிடலாம். உபுன்டுவில் 22.04 முதல் உபுன்டு ப்ரோ சந்தா வழியாக நிகழ்நேரக் கெர்னலை இயக்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை அந்தச் சந்தா இலவசம். ரெட் ஹேட்டும் சூசேவும் தங்கள் நிறுவன வாடிக்கையாளர்களுக்குத் தனி நிகழ்நேரப் பதிப்புகள் தருகின்றன.

புதியவர் டெபியனில் தொடங்கினால் அரை மணி நேரத்தில் அளவீட்டுக்கு வந்துவிடலாம். கெர்னலைக் கம்பைல் செய்வதைச் சாதனையாக எண்ணி அதிலேயே ஒரு வாரத்தைத் தொலைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

நிறுவத் தொடங்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

முதலில் பழைய கெர்னலை நீக்காதீர்கள். புதியது பூட் ஆகாமல் போனால் திரும்பி வருவதற்கு அதுதான் வழி. எந்தக் கெர்னலில் பூட் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியல் திரையில் சில நொடிகளாவது தெரியும்படி அமைத்துவிடுங்கள்.

பயாஸில் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள். நீங்களே கம்பைல் செய்த கெர்னலில் கையொப்பம் இருக்காது. ஆகவே கணினி அதை ஏற்காது. செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், அல்லது உங்கள் சொந்தச் சாவியால் கெர்னலில் கையொப்பமிட்டு அந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும்.

என்விடியா கிராபிக்ஸ் அட்டை இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்த நிறுவனத்தின் தனியுரிமை டிரைவர் நிகழ்நேரக் கெர்னலைக் கண்டால் நிறுவ மறுத்துவிடும். அந்தச் சோதனையைத் தாண்டிச் செல்ல ஒரு சூழல் மாறி இருக்கிறது. ஆனாலும் அப்படிச் செய்தபின் தாமதத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. கட்டுப்பாட்டுக் கணினியில் பலகையோடு வரும் எளிய கிராபிக்ஸே நல்லது.

இன்னொன்று. இப்போதுள்ள சாதாரணக் கெர்னலிலேயே ஒருமுறை தாமதத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவிய பிறகு ஒப்பிட அந்த எண் வேண்டும்.

நானே கம்பைல் செய்துதான் ஆக வேண்டும். எப்படிச் செய்வது?

கெர்னல் டாட் ஆர்க் தளத்திலிருந்து மூல நிரலை இறக்குங்கள். 6.12க்கு முந்திய பதிப்பு வேண்டுமென்றால் அதே தளத்தில் அதற்குரிய ஆர்டி பேட்சையும் இறக்க வேண்டும். இங்கே பதிப்பு எண் கடைசி இலக்கம் வரை பொருந்த வேண்டும். 6.1.90க்கான பேட்சை 6.1.91மேல் ஒட்டினால் சில இடங்களில் ஒட்டும், சில இடங்களில் ஒட்டாது. அரைகுறையாக ஒட்டிய கெர்னல் ஒட்டாததைவிட ஆபத்தானது. ஒட்டும் முன் பேட்ச் கட்டளையை ஒத்திகை முறையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பிறகு ஜிசிசி, மேக், பைசன், ஃபிளெக்ஸ், ஓப்பன்எஸ்எஸ்எல், எல்ஃப், என்கர்சஸ் ஆகியவற்றின் உருவாக்கத் தொகுப்புகளை நிறுவுங்கள். வட்டில் தாராளமாக இடம் வேண்டும். பிழைதிருத்தத் தகவலோடு கம்பைல் செய்தால் இருபது, முப்பது கிகாபைட்கூட நிரம்பிவிடும். ஆகவே அமைப்பில் அந்தத் தகவலை அணைத்துவிடுங்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் அமைப்புக் கோப்பை பூட் அடைவிலிருந்து எடுத்து மூல நிரல் அடைவில் டாட் கான்ஃபிக் என்ற பெயரில் வையுங்கள். மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கட்டளை அதைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும். அடுத்து மேக் மெனுகான்ஃபிக்கைத் திறந்து பொது அமைப்புப் பகுதியில் ஃபுல்லி பிரீஎம்ப்டிபிள் கெர்னல் (எங்கும் இடைநிறுத்தக்கூடிய கெர்னல்) என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே பகுதியில் கெர்னலுக்கு ஒரு பின்னொட்டுப் பெயரும் கொடுங்கள். பல கெர்னல்கள் சேரும்போது எது எதுவென்று தெரிவதற்கு அது உதவும்.

டெபியன், உபுன்டு வகைகளில் மேக் பின்டெப்-பிகேஜி கட்டளையைக் கொடுத்தால் நிறுவத் தயாரான தொகுப்புகளாகவே கிடைக்கும். இந்த முறையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தொகுப்பாக நிறுவியதைத் தொகுப்பாகவே நீக்கலாம். கையால் நிறுவிய கெர்னலின் கோப்புகள் பூட் அடைவிலும் லிப் அடைவிலும் சிதறிக் கிடக்கும்.

பட்டியலில் அந்த விருப்பமே தெரியவில்லையே?

புதியவர்கள் எல்லாருமே இங்கே ஒருமுறை நின்றுவிடுகிறார்கள். நிபுணர்களுக்கான அமைப்பு என்ற இன்னொரு விருப்பம் அதே பொது அமைப்புப் பகுதியில் இருக்கிறது. அதை இயக்கினால்தான் நிகழ்நேர விருப்பம் வெளியே தெரியும். இயக்கிய பிறகும் தெரியவில்லையென்றால் உங்கள் கட்டமைப்புக்கு அந்தப் பதிப்பில் ஆதரவு இல்லை, அல்லது பழைய பதிப்பில் பேட்ச் ஒட்டவில்லை என்று பொருள்.

சான்றிதழ் கோப்பு இல்லை என்று கம்பைல் பாதியில் நிற்கிறது. என்ன செய்ய?

வழங்கலின் அமைப்புக் கோப்பை நகலெடுத்ததால் வந்த வினை அது. வழங்கலை உருவாக்கியவர்களிடம் மட்டும் இருக்கும் சாவிக் கோப்பின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கும். சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ் என்ற இரண்டு இடங்களிலும் உள்ள பெயரை அழித்து வெறுமையாக விட்டுவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

நிறுவிவிட்டேன். புதிய கெர்னல்தான் ஓடுகிறது என்று எப்படி உறுதிசெய்வது?

யூநேம் கட்டளையை முழு விவரம் கேட்டு ஓட்டுங்கள். விடையில் பிரீஎம்ப்ட் ஆர்டி என்ற சொல் இருக்க வேண்டும். பிரீஎம்ப்ட் என்றோ பிரீஎம்ப்ட் டைனமிக் என்றோ மட்டும் இருந்தால் அது நிகழ்நேரக் கெர்னல் அல்ல. சிஸ் அடைவுக்குள் கெர்னல் அடைவில் ரியல்டைம் என்ற கோப்பு இருந்து அதற்குள் 1 என்ற எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பூட் ஆகவில்லை, அல்லது கறுப்புத் திரையோடு நிற்கிறது.

பதற வேண்டாம். கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வாருங்கள். பூட் பிரிவில் இடம் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிழைதிருத்தத் தகவல் நீக்கப்படாத மாடியூல்கள் தொடக்க வட்டுப் படிமத்தைப் பல மடங்கு பெருக்கிவிடும். அது பாதியில் எழுதப்பட்டு நின்றிருந்தால் கெர்னல் மூல வட்டைக் கண்டுபிடிக்காமல் திணறும். கறுப்புத் திரை மட்டும் என்றால் அநேகமாக கிராபிக்ஸ் டிரைவர்தான் காரணம். உரை முறையில் பூட் செய்து பாருங்கள்.

தாமதத்தை எப்படி அளப்பது?

நிறுவுதல் இங்கேதான் முழுமை பெறுகிறது. அளக்காத நிகழ்நேரக் கணினியை நிகழ்நேரக் கணினி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆர்டி-டெஸ்ட்ஸ் என்ற தொகுப்பில் சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவி இருக்கிறது. அது ஒரு திரெட்டை உறங்கவிட்டு, குறித்த நேரத்தில் எழுப்பச் சொல்லி, உண்மையில் எவ்வளவு தாமதமாக எழுந்தது என்று மைக்ரோநொடியில் சொல்லும். நினைவகத்தைப் பூட்டச் சொல்லுங்கள், முன்னுரிமையை 80க்கு மேல் வையுங்கள், செயலியின் ஒவ்வொரு கோருக்கும் (உட்கருவுக்கும்) ஒரு திரெட் கேளுங்கள். திரையில் குறைந்தபட்சம், தற்போதையது, சராசரி, அதிகபட்சம் என்று நான்கு எண்கள் ஓடும். கடைசி எண்ணை மட்டும் பாருங்கள்.

சும்மா இருக்கும் கணினியில் அளப்பது அளவீடே அல்ல. நான் செய்த முதல் தவறு அதுதான். யாரும் தொடாத கணினியில் ஐந்து நிமிடம் ஓட்டி, அழகான எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, இயந்திரத்தோடு இணைத்துவிட்டேன். பின்னணியில் வட்டுக் காப்பு நடந்த இரவில் மோட்டார் துள்ளியது. அதன்பின் சுமை இல்லாமல் அளந்ததே இல்லை. ஸ்ட்ரெஸ்-என்ஜி, ஹேக்பெஞ்ச் போன்ற கருவிகளால் செயலி, நினைவகம், வட்டு மூன்றையும் அலைக்கழியுங்கள். வலை வழியாகப் பெரிய கோப்பை இறக்குங்கள். திரையில் சாளரங்களை இழுத்துக்கொண்டே இருங்கள். இவற்றோடு பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுவதும் சைக்ளிக்டெஸ்ட் ஓடட்டும். நல்ல மேசைக் கணினியில் அதிகபட்சம் நூறு மைக்ரோநொடிக்குள் நின்றால் மில்லிநொடிச் சுழற்சிக்குத் தாராளமாகப் போதும்.

அதிகபட்ச எண் மிகப் பெரிதாக வருகிறது. கெர்னலில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. குற்றவாளி வன்பொருளின் பக்கம் இருப்பான். எக்ஸ்86 கணினிகளில் எஸ்எம்ஐ என்ற ஒருவகை இன்டரப்ட் உண்டு. மின்விசிறி, வெப்பம், பழைய யூஎஸ்பி விசைப்பலகை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள பயாஸ் செயலியையே சிறிது நேரம் கைப்பற்றிக்கொள்ளும். அந்த நேரம் கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததைத் தடுக்கவும் முடியாது. ஆர்டி-டெஸ்ட்ஸிலேயே இருக்கும் எச்டபிள்யூலாட்டிடெக்ட் கருவி இந்தத் திருடப்பட்ட நேரத்தைக் கண்டுபிடித்துத் தரும். அது நூற்றுக்கணக்கான மைக்ரோநொடிகளைக் காட்டினால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள், பழைய யூஎஸ்பி ஆதரவை அணைத்துப் பாருங்கள். அப்படியும் குறையவில்லையென்றால் அந்தப் பலகை இந்த வேலைக்கு ஆகாது. மடிக்கணினிகள் மின்சக்தி மேலாண்மை காரணமாக இதில் அடிக்கடி தோற்கின்றன.

அடுத்தது செயலியின் ஆழ்ந்த உறக்க நிலைகள். வேலை இல்லாதபோது செயலி மின்சாரம் மிச்சப்படுத்த உறங்கும். எவ்வளவு ஆழமாக உறங்குகிறதோ அவ்வளவு நேரம் எழுவதற்கும் பிடிக்கும். பயாஸில் ஆழ்ந்த சி-நிலைகளை அணைக்கலாம், அதிர்வெண் மேலாண்மையை உச்ச வேகத்தில் நிறுத்திவைக்கலாம். கெர்னலை நீங்களே கம்பைல் செய்திருந்தால் லாக்டெப் போன்ற பிழைதேடும் விருப்பங்கள் இயங்குகின்றனவா என்றும் பாருங்கள். அவை தாமதத்தைப் பல மடங்காக்கும்.

கோர்களைத் தனிமைப்படுத்தும் பூட் அளவுருக்கள் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். ஐசோல்சிபியூஸ், நோஹெச்இசட் ஃபுல், ஆர்சியூ நோசிபிஎஸ் ஆகியவை அவை. பயனுள்ளவைதான். ஆனால் முதல் நாளே கை வைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து, எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

சைக்ளிக்டெஸ்ட் நல்ல எண் தருகிறது. என் நிரல் மட்டும் தடுமாறுகிறது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நிகழ்நேரக் கெர்னலை நிறுவியதும் எல்லா நிரலும் நிகழ்நேரமாகிவிடுவதில்லை. உங்கள் நிரல் வாய்திறந்து கேட்க வேண்டும்.

திரெட்டுக்கு எஸ்சிஎச்இடி ஃபிஃபோ என்ற ஷெட்யூலிங் கொள்கையும் 1 முதல் 99 வரையிலான முன்னுரிமையும் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் அது சாதாரணத் திரெட்தான். சாதாரணத் திரெட்டின் உறக்கத்தோடு கெர்னல் தானாகவே 50 மைக்ரோநொடி வரை தளர்வு சேர்த்துக்கொள்ளும். 99ஐ விட்டு 80 போன்ற எண்ணைக் கொடுங்கள். கெர்னலின் மிக முக்கியமான சில திரெட்களுக்காக அதற்கும் மேலே இடம் விட வேண்டும்.

தொடக்கத்திலேயே எம்லாக்ஆல் அழைப்பால் நினைவகம் முழுவதையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் நிரல் தொடும் பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது வட்டிலிருந்து வரக் காத்திருக்க வேண்டும். ஸ்டாக் பகுதியையும் ஒருமுறை முன்கூட்டியே தொட்டு வைத்துவிடுங்கள். சுழற்சிக்குள் நினைவகம் ஒதுக்குவது, கோப்பில் எழுதுவது, திரையில் அச்சிடுவது ஆகியவை கூடாது. பதிவு வேண்டுமென்றால் நினைவகத்தில் ஒரு வளையத்தில் எழுதி வைத்து இன்னொரு சாதாரணத் திரெட் அதை எடுத்துக் கோப்பில் சேர்க்கட்டும். நிரலுக்குள் நீங்கள் பயன்படுத்தும் மியூடெக்ஸ் என்ற பூட்டுக்கும் முன்னுரிமை இரவலை நீங்களே இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்தே இருக்கும்.

ஒரு மில்லிநொடி உறங்கு என்று ஒவ்வொரு சுற்றிலும் சொல்லாதீர்கள். வேலைக்கு ஆன நேரமும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றும் தள்ளிக்கொண்டே போகும். கிளாக் நானோஸ்லீப்பில் முழு நேரத்தைக் குறித்து, இன்ன கணத்தில் எழுப்பு என்று கேளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எண் பொருந்தவில்லையென்றால் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சைக்ளிக்டெஸ்ட் ஓடும்போது சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி என்ற சாதனக் கோப்பைத் திறந்து அதில் சுழியம் எழுதி, திறந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு திறந்திருக்கும் வரை செயலி ஆழ்ந்து உறங்காது. உங்கள் நிரல் அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் கருவிக்குக் கிடைத்த எண் உங்களுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் நிரலும் அதே கோப்பைத் திறந்து அதே எண்ணை எழுதி, முடியும் வரை மூடாமல் வைத்திருந்தால் வேறுபாடு மறைந்துவிடும்.

அனுமதி இல்லை என்று நிரல் நின்றுவிடுகிறது. ரூட்டாகவே ஓட்டலாமா?

வேண்டாம். பாதுகாப்பு வரம்புகள் கோப்பில் உங்கள் பயனர் குழுவுக்கு ஆர்டிபிரியோ (முன்னுரிமை வரம்பு), மெம்லாக் (பூட்டக்கூடிய நினைவக வரம்பு) இரண்டையும் உயர்த்தி எழுதுங்கள். பிறகு வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். சிஸ்டம்டி சேவையாக ஓட்டினால் அந்தக் கோப்பு பொருந்தாது. சேவைக் கோப்பிலேயே வரம்புகளைக் குறிப்பிட வேண்டும்.

நிரலில் முடிவில்லாச் சுழற்சி வந்துவிட்டால் கணினி உறைந்துவிடுமா?

உயர்ந்த முன்னுரிமையில் உறங்காமல் சுழலும் திரெட் அந்தக் கோரை முழுதாக விழுங்கிவிடும். அதற்காகவே கெர்னலில் ஒரு காப்பு இருக்கிறது. ஒவ்வொரு நொடியிலும் 0.95 நொடிதான் நிகழ்நேரத் திரெட்களுக்கு, மீதி மற்றவர்களுக்கு என்பது பழைய பதிப்புகளின் இயல்பு. புதிய பதிப்புகளில் பட்டினி கிடக்கும் சாதாரணத் திரெட்களுக்கு நொடிக்கு 50 மில்லிநொடியை வேறொரு முறையில் ஒதுக்குகிறார்கள். இதை முழுதாக அணைக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. நிரலைச் சோதித்து முடிக்கும் வரை அணைக்காதீர்கள். பிழை வரும் நாளில் உங்களுக்கு விசைப்பலகை வேலை செய்ய வேண்டும்.

மெய்நிகர் கணினிக்குள் நிறுவிப் பழகலாமா?

நிறுவும் படிகளைப் பழக மிக நல்லது. எத்தனை முறை உடைத்தாலும் நட்டமில்லை. ஆனால் அங்கே அளக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் உங்கள் கெர்னலுக்குக் கீழே இருக்கும் இயங்குதளம் எப்போது வேண்டுமானாலும் செயலியை வாங்கிக்கொள்ளும்.

ஸெனோமாய் நிறுவுவது எவ்வளவு வேறுபட்டது?

அங்கே இரண்டு பகுதிகளை நிறுவ வேண்டும். முதலாவது, டவ்டெயில் என்ற இணைப்பு அடுக்கு சேர்க்கப்பட்ட குறிப்பிட்ட பதிப்புக் கெர்னலில் கோபால்ட் என்ற நிகழ்நேர மையத்தைப் புகுத்திக் கம்பைல் செய்வது. பழைய பதிப்புகளில் டவ்டெயிலின் இடத்தில் ஐ-பைப் இருந்தது. இரண்டாவது, பயனர் நூலகங்களைத் தனியாகக் கம்பைல் செய்வது. இரண்டும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பூட் ஆனதும் கெர்னல் செய்திகளில் கோபால்ட் தொடங்கியதற்கான வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதனுடன் வரும் லேட்டன்சி கருவியை ஓட்டுங்கள்.

புதியவர் இங்கே சிக்குவது பாங்கு மாற்றத்தில். நிகழ்நேரத் திரெட் சாதாரண லினக்ஸ் அழைப்பு ஒன்றைச் செய்த கணமே அது லினக்ஸ் பக்கம் தள்ளப்படும், உறுதியும் போய்விடும். நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. ஸெனோமாயின் ஷெட்யூலர் புள்ளிவிவரக் கோப்பில் எம்எஸ்டபிள்யூ என்ற பத்தியில் எண் ஏறிக்கொண்டே போனால் எங்கோ அப்படியோர் அழைப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

கெர்னல் புதுப்பிப்பு வந்தால் என்ன செய்வது?

களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வரும். நீங்களே கம்பைல் செய்திருந்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. நீண்டகால ஆதரவுள்ள பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் வேலை குறையும். 6.12 அத்தகைய ஒன்று. எந்த வழியானாலும் இயந்திரம் இணைந்திருக்கும் கணினியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவையுங்கள். புதிய கெர்னலை நீங்கள் குறித்த நாளில் நிறுவி, மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சுமையோடு ஓர் இரவு அளந்து, பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகு மின்சாரத்தை இணையுங்கள்.